விசைப்பலகைக் குறியாக்கிச் சில்லு

எந்த விசை அழுத்தப்பட்டது எனக் கண்டறிந்து, அதைக் குறியெண்ணாக மையச் செயலிக்கு அனுப்பும் மின்சுற்று. கையடக்கக் கருவிகளில் இதன் மின்சிக்கனத்துக்குக் குறைந்த மின்னழுத்தமே காரணம் என்று பலரும் கருதுகிறார்கள். அதில் உண்மை பாதிதான்; பெரிய ஆதாயம் விசை எதுவும் அழுத்தப்படாத நேரத்தில் கிடைக்கிறது. பழைய 74சி922 சில்லு, விசை அழுத்தப்படும்வரை தன் 16 விசைகளையும் ஓயாமல் வருடிக்கொண்டே இருக்கும். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிசிஏ8418 அப்படியல்ல. கிடைவரிசை, நெடுவரிசைக் கம்பிகள் சந்திக்கும் இடங்களில் விசைகள் இருக்க, இது நெடுவரிசைக் கம்பிகளைத் தாழ்நிலையில் வைத்துவிட்டுக் காத்திருக்கும். விசை பட்டு ஏதேனும் ஒரு கிடைவரிசை தாழ்ந்தால்தான் வருடத் தொடங்கும்.

விசைகளை வருடும் வேலையைச் செயலியே செய்யலாமே என்ற கேள்வி நியாயமானது. நாலைந்து பொத்தான்களே உள்ள கருவிக்கு அதுவே சரி. ஆனால் 80 விசைகளுக்கு, 8 கிடைவரிசையும் 10 நெடுவரிசையுமாக, செயலியின் 18 கால்கள் செலவாகும். சில்லு இருந்தால் ஐ2சி தொடர் இணைப்புக்கு இரண்டும், செயலியை எழுப்பும் குறுக்கீட்டுக்கு ஒன்றும் போதும். அழுத்தியதும் தொடுமுனை துள்ளி அடங்கும் சில மில்லிவினாடிகளையும் சில்லே பார்த்துக்கொள்கிறது. அதற்காகச் செயலி விழித்திருக்க வேண்டியதில்லை. உறக்கத்திலிருந்து செயலி எழுவதற்குள் முதல் எழுத்து தவறிவிடாதா? தவறாது. டிசிஏ8418-இன் வரிசை நினைவகம் 10 நிகழ்வுகளைத் தாங்கும். அழுத்துவதும் விடுவதும் தனித்தனி நிகழ்வு என்பதால், அது முழுதாக 5 விசைத்தட்டுகளுக்குப் போதுமான இடம்.