விண்வெளி அறிவியல் மாநாடு (மாணவர், ஆசிரியர்)

பள்ளி, கல்லூரி மாணவர்களையும் அவர்களுடைய ஆசிரியர்களையும் ஓரிடத்தில் கூட்டி, வானியல், ராக்கெட், செயற்கைக்கோள், கோள்களின் நிலவியல் ஆகியவற்றைப் பேச்சாகவும் செய்முறையாகவும் காட்சியாகவும் எடுத்துச் சொல்லும் நிகழ்ச்சி. அருங்காட்சியகம், அறிவியல் மையம், கோளரங்கம் ஆகியவை இதற்கு வழக்கமான இடங்கள். அவை இல்லாத ஊர்களில் பொறியியல் கல்லூரி அரங்குகள் அந்த வேலையைப் பார்க்கின்றன. ஆய்வாளர்கள் தங்களுக்குள் கட்டுரை வாசித்துக்கொள்ளும் மாநாடுகள் இந்த வகையில் சேரா. உலக அளவில் நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு, அமெரிக்காவில் ஸ்பேஸ் சென்டர் ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் ஆசிரியர்களுக்காக நடத்தப்படும் விண்வெளி ஆய்வுக் கல்வியாளர் மாநாடு. தமிழ்நாட்டில் இதே வேலை அறிவியல் மாநாடு, கண்காட்சி, விண்வெளி வார விழா, வான்நோக்கு முகாம் என்று பல பெயர்களில் நடந்துவருகிறது. இக்கட்டுரை சேலம், நாமக்கல் வட்டாரத்துக்குக் கூடுதல் இடம் தருகிறது.

முன்வரலாறு

தமிழ்நாட்டில் வானியலைப் பொதுமக்களிடம் கொண்டுபோகும் முயற்சி ராக்கெட்டுக்கு நெடுநாள் முந்தியது. நுங்கம்பாக்கத்தில் 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனி நிறுவிய சென்னை வானாய்வகம் கப்பலோட்டத்துக்கும் நில அளவைக்கும் நேரமும் இடமும் கணித்துத் தரவே ஏற்பட்டது. பாடம் சொல்லித்தருவது அதன் நோக்கமாக இருக்கவில்லை. அந்த வேலையைத் தானாக இழுத்துப் போட்டுக்கொண்டவர் அங்கே உதவியாளராகப் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி. இளம் வயதிலேயே வேலைக்குச் சேர்ந்து முதல் உதவியாளராக உயர்ந்த இவர், 1867இல் ஆர் ரெட்டிகுலி என்னும் மாறொளிர் விண்மீனைக் கண்டறிந்தார். வானாய்வகத்தின் தலைவர் போக்சன் பெயரோடு சேர்த்தே அது பேசப்பட்டாலும், கண்டவர் ரகுநாதாச்சாரிதான். 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தின்போது ஐதராபாத் சமஸ்தானத்து வனபர்த்திக்கு ஒரு குழுவை நடத்திச் சென்றார். 1872இல் லண்டன் அரச வானியல் கழகத்தின் உறுப்பினரானார்.

கல்வி வரலாற்றில் அவருக்கு இடம் பெற்றுத் தருவது 1874இன் சிறு நூல். அந்த ஆண்டு டிசம்பர் 9 அன்று வெள்ளிக் கோள் சூரியனின் முகத்தைக் கடந்து போனது. நூறாண்டுக்கு மேல் காத்திருந்தால்தான் மீண்டும் ஒரு ஜோடி வாய்க்கும் இந்த நிகழ்வைப் பஞ்சாங்கக்காரர்களும் பள்ளிக்கூடத்தாரும் விளங்கிக்கொள்ள வேண்டுமென்று ஆங்கிலத்திலும் கன்னடம், உருது உள்ளிட்ட இந்திய மொழிகளிலும் விளக்கநூல் வெளியிட்டார். பழைய சித்தாந்த முறையில் கணிப்பவர்களிடம் புதிய வானியலைப் பேசிப் புரியவைப்பதே அதன் நோக்கம். இன்றைய மாநாட்டு மேடைகளில் காணக் கிடைக்காத ஒரு பண்பு அதில் உண்டு: கேட்பவரை ஒன்றும் தெரியாதவர் என்று அது எண்ணவில்லை. பஞ்சாங்கம் கணிக்கத் தெரிந்தவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார் என்ற நினைப்போடுதான் எழுதப்பட்டது. அடுத்த நூற்றாண்டின் ஜோடி வெள்ளிக் கடப்புகள் 2004 ஜூன் 8இலும் 2012 ஜூன் 6இலும் வந்தபோது, தமிழ்நாட்டுப் பள்ளி மைதானங்களில் மாணவர்கள் வடிகண்ணாடி வழியாகவும், ஊசித்துளையில் விழுந்த சூரிய பிம்பத்திலும் அதைப் பார்த்தார்கள்.

நுங்கம்பாக்கத்தின் வானியல் பணி 1899இல் கொடைக்கானலுக்கு மாறியது. ஜவ்வாது மலையின் காவலூரில் 1960களின் இறுதியில் வானியலாளர் வைணு பாப்பு தொடங்கிய ஆய்வகத்தில் 1986இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி வந்தது. சேலத்துக்கு மிக அருகிலுள்ள பெரிய தொலைநோக்கி இதுவே.

ராக்கெட் காலம்

1963 நவம்பர் 21 அன்று திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து நைக்-அப்பாச்சி என்னும் ஆய்வு ராக்கெட் ஏவப்பட்டது. மேலே அது கக்கிய சோடியம் ஆவி, மாலை வானில் செம்மஞ்சள் மேகமாகத் தெரிந்தது. விக்ரம் சாராபாய் இடம் தேர்ந்தபோது அங்கிருந்த புனித மரிய மதலேனாள் தேவாலயமே முதல் அலுவலகம் ஆயிற்று. இன்று அது விண்வெளி அருங்காட்சியகம். தென் மாவட்டப் பள்ளிகளின் கேரளச் சுற்றுலாவில் பத்மநாபபுரம் அரண்மனை, கோவளம் ஆகியவற்றோடு இதுவும் ஒரு நிறுத்தம். பேச்சு எதுவும் இல்லாமலே, உள்ளே நிற்கும் ராக்கெட் மாதிரிகள் ஒரு மணி நேரத்தில் கற்பிப்பது அதிகம்.

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1999 டிசம்பரில் அக்டோபர் 4 முதல் 10 வரையான நாட்களை உலக விண்வெளி வாரமாக அறிவித்தது. முதல் நாள் 1957இல் ஸ்புட்னிக் ஏறிய நாள். கடைசி நாள் 1967இல் விண்வெளி உடன்படிக்கை நடைமுறைக்கு வந்த நாள். இஸ்ரோவின் ஸ்ரீஹரிகோட்டா, மகேந்திரகிரி, திருவனந்தபுரம் மையங்கள் இந்த வாரத்தையொட்டிப் பல ஊர்களில் கண்காட்சி, வினாடி-வினா, ஓவியம், பேச்சுப் போட்டி நடத்துகின்றன. தமிழ்நாட்டில் "விண்வெளி மாநாடு" என்றால் பெரும்பாலான ஆசிரியர்களின் நினைவுக்கு வருவது இதுதான்.

அறிவியல் மையங்களும் அறிவியல் இயக்கமும்

சென்னை கோட்டூர்புரத்தில் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மைய வளாகத்தில் 1988இல் பிர்லா கோளரங்கம் திறக்கப்பட்டது. திருநெல்வேலியில் மாவட்ட அறிவியல் மையமும், திருச்சியில் கோளரங்கத்துடன் கூடிய அண்ணா அறிவியல் மையமும், கோயம்புத்தூரில் மண்டல அறிவியல் மையமும் உண்டு.

கட்டடங்களைவிட ஆட்களின் பங்கு பெரிது. 1980இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம், 1987 முதல் வெளிவரும் துளிர் மாத இதழ், 1993இல் நாடு தழுவி நடக்கத் தொடங்கிய தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு ஆகியவை கிராமப்புறப் பள்ளிகளுக்கு வழி திறந்தன. குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் 10 முதல் 17 வயதுவரையுள்ளோர் வழிகாட்டி ஆசிரியர் ஒருவரோடு தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை ஆராய்ந்து, நாட்குறிப்போடு அறிக்கை தயாரித்து, மாவட்டம், மாநிலம், தேசம் என்று படியேறுகிறார்கள். தாய்மொழியிலேயே வாசிக்கலாம். தமிழ்வழி மாணவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வாசல் என்பதை ஆங்கிலவழியில் படித்தவர்கள் எளிதில் உணர மாட்டார்கள். சந்திரயான்-1 திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை பொள்ளாச்சிக்கு அருகே கோதவாடியிலிருந்தும், சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்திலிருந்தும் வந்தவர்கள் என்பதை இத்தகைய மேடைகளில் சொல்லாமல் விடுவதே இல்லை.

சேலம் வட்டாரமும் விண்கல் வகைப்பாடும்

சேலம், நாமக்கல் சமவெளிக்கு விண்வெளி அறிவியலில் இரண்டு உரிமைகள் உண்டு. இரண்டும் கல் சார்ந்தவை.

முதலாவது காக்கங்கரை விண்கல். 1890 ஜூன் 4 அன்று அப்போதைய சேலம் மாவட்டத்தில், இன்றைய திருப்பத்தூர் மாவட்டக் காக்கங்கரைப் பகுதியில் வானிலிருந்து விழுந்தது. கிடைத்த கல் சுமார் 350 கிராம். எடையில் அற்பமானாலும் வகைப்பாட்டில் இதன் இடம் தனி. கோண்டிரூல் எனப்படும் உருண்டைத் துகள்களைக் கொண்ட விண்கற்களைச் சாதாரண வகை, கார்பன் வகை, என்ஸ்டடைட் வகை என்று மூன்று பெரும்பிரிவாக வகுப்பது வழக்கம். கனிமச் சேர்க்கையிலும் ஆக்சிஜன் ஐசோடோப்பு விகிதத்திலும் காக்கங்கரைக் கல் இவற்றில் எதிலும் அடங்கவில்லை. எனவே அதன் பெயரின் முதலெழுத்தைக் கொண்டே "கே கோண்டிரைட்டு" என்று தனிக்குழு அமைத்தார்கள். உலகெங்கும் இக்குழுவில் சேர்க்கத்தக்க கற்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவையே. இதன் துண்டு லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காக்கங்கரை ரயில் நிலையத்தைக் கடந்து போகும் பயணிகளில் பலருக்கு ஊர்ப்பெயர் உலக விண்கல் அட்டவணையில் ஒரு வகையின் பெயராக நிற்பது தெரியாது.

இரண்டாவது நாமக்கல் மாவட்டம் பரமத்தி வேலூர் பக்கத்துச் சித்தம்பூண்டி. அங்கும் குன்னமலையிலும் தரைக்கு மேல் தெரியும் வெளிறிய பாறை, அனார்தோசைட்டு. கால்சியம் மிகுந்த பிளஜியோகிளேஸ் ஃபெல்ட்ஸ்பாரே இதில் பெரும்பங்கு. ஏறத்தாழ 250 கோடி ஆண்டு வயதுடைய இப்பாறைத்தொகுதியை ஏ.பி. சுப்பிரமணியம் 1956இல் விரிவாக ஆராய்ந்து எழுதினார். அன்று அது சேலம் மாவட்டம். நிலவில் வெளிறித் தெரியும் மேட்டு நிலங்களும் இதே இனப் பாறையால் ஆனவை. அப்பல்லோ-15 வீரர்கள் 1971இல் எடுத்துவந்த புகழ்பெற்ற "ஜெனிசிஸ்" கல்லும் அனார்தோசைட்டுதான்.

நிலவின் மேட்டுநிலத்தில் இறங்கும் கலத்தின் கால்கள் எவ்வளவு புதையும், ஊர்தியின் சக்கரம் எங்கே வழுக்கும் என்று பூமியிலேயே சோதிக்க டன் கணக்கில் போலி நிலவு மண் தேவைப்பட்டது. வெளிநாட்டிலிருந்து வாங்கினால் விலை கட்டுபடியாகாது. சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியலாளர்களின் துணையோடு, 2012 முதல் சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறையிலிருந்து சுமார் 50 டன் மண் இஸ்ரோவுக்குப் போனது. பாறையை வெட்டி, நொறுக்கி, நிலவு மண்ணின் துகள் அளவுக்கு அரைத்துப் பெங்களூருவில் ஒரு கூடத்தில் பரப்பினார்கள். நிலவில் எடை ஆறில் ஒரு பங்காகிவிடும் என்பதால் ஊர்தியை ஹீலியம் பலூனில் கட்டி, பாரத்தைத் தூக்கிப்பிடித்து ஓட்டிப் பார்த்தார்கள். இந்த மண் தயாரிப்புக்கு இஸ்ரோ 2020இல் காப்புரிமை பெற்றது. சித்தம்பூண்டிப் பாறையில் ஹார்ன்பிளெண்டு போன்ற நீர் கலந்த கனிமமும் இருக்கிறது, நிலவில் அது இல்லை. இந்த வேறுபாடு சக்கரச் சோதனைக்குத் தடையாகவில்லை. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 தரையிறங்கியபின், பிரக்யான் ஊர்தி அளந்த மண் இரும்பு கலந்த அனார்தோசைட்டோடு ஒத்துப்போவதாக 2024இல் நேச்சர் இதழில் ஆய்வு வந்தது. ஆக, நிலவின் மேட்டுநில மண்ணுக்குச் சித்தம்பூண்டிப் பாறை ஈடாகும் என்ற ஊகம் சரிதான்.

இவ்வட்டாரத்தில் மாணவர் மாநாடு நடத்துவோர் பி.எஸ்.எல்.வி. ராக்கெட் மாதிரிக்குத் தரும் முக்கியத்துவத்தில் கால்வாசியைச் சித்தம்பூண்டிக்குத் தந்தாலே போதும். ராக்கெட் மாதிரியைப் படம் எடுத்துக்கொள்ளத்தான் முடியும். பாறைத் துண்டை எட்டாம் வகுப்புப் பிள்ளை கையில் வாங்கி, கைலென்சில் வைத்துப் பார்க்க முடியும். சர்க்கரைக் கட்டிபோல் வெளிறிய படிகமும், இடையிடையே கருநிறக் கோடும் உடனே தெரியும்.

நடக்கும் விதம்

காலை ஒன்பதரைக்கு என்று அழைப்பிதழில் இருக்கும். குத்துவிளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, பொன்னாடை, நினைவுப்பரிசு என்று முதல் ஒன்றரை மணி நேரம் மேடைக்கே போய்விடும். சிறப்பு விருந்தினரான விஞ்ஞானிக்குக் கேள்வி நேரம் பத்து நிமிடம் மிஞ்சினால் பெரிது. ஆசிரியர்களுக்கு ஓ.டி. (பணியில் இருந்ததாகக் கணக்கு), மாணவர்களுக்குச் சான்றிதழ், மதியம் சாம்பார் சாதமும் தயிர் சாதமும்.

கற்றல் நடப்பது பிற்பகலில், மைதானத்தில். இரண்டு லிட்டர் குளிர்பானப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றி, சைக்கிள் வால்வு செருகிய தக்கையால் வாயை அடைத்து, தலைகீழாக நிறுத்திக் காற்றடிக்கிறார்கள். அழுத்தம் தாங்காமல் தக்கை தெறித்தவுடன் தண்ணீர் கீழே பீறிட, பாட்டில் மேலே போகிறது. தண்ணீரை நிறைய ஊற்றினால் காற்றுக்கு இடமிராது. ஊற்றாமல் விட்டால் பின்னால் தள்ள நிறை இராது. மூன்றில் ஒரு பங்கு ஏன் என்பதைப் பிள்ளைகளே நாலைந்து முறை நனைந்து கண்டுபிடிக்கிறார்கள். நியூட்டனின் மூன்றாம் விதிக்கு இதைவிட நல்ல விளக்கம் பாடநூலில் இல்லை.

இன்னொரு செய்முறை நிழலில்லா நாள். ஏற்காட்டு மலையடிவாரத்தில், சேலம் நகரின் வடக்கு ஓரத்திலுள்ள கொண்டப்பநாயக்கன்பட்டி வடக்கு அட்சரேகை ஏறத்தாழ 11.7 பாகையில் இருக்கிறது. சூரியன் அந்த அட்சரேகைக்கு நேர் மேலே வருவது ஆண்டுக்கு இருமுறை: ஏப்ரல் 20, 21 தேதிகளை ஒட்டியும் ஆகஸ்ட் 22ஐ ஒட்டியும். ஏப்ரலில் பகல் 12.16 வாக்கில், ரசமட்டம் பார்த்து நிமிர்த்திய குழாயின் நிழல் அதன் அடிக்குள்ளேயே ஒடுங்கிவிடும். இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு வகுத்தது, சேலம் அதற்கு மேற்கே 4 பாகைக்கு மேல் தள்ளி இருக்கிறது. உச்சி வேளை பன்னிரண்டைத் தாண்டி விழுவது இதனால்தான். ஆகஸ்ட் நாள், 23ஆம் தேதி வரும் தேசிய விண்வெளி நாளுக்கு முந்தைய தினமாக அமைவது நல்ல வாய்ப்பு. அந்த மாதத்து மேகம் மட்டும் ஒத்துழைக்க வேண்டும். ஒரு குழாய், ஒரு ரசமட்டம், ஒரு கடிகாரம் தவிர வேறு செலவு கிடையாது. அதே நாளில் நேர் வடக்கிலோ தெற்கிலோ உள்ள வேறு ஊரில் உச்சி வேளை நிழலின் நீளத்தை அளந்து, இரண்டு ஊருக்கும் இடைப்பட்ட தூரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் பூமியின் சுற்றளவுகூடக் கிடைத்துவிடும்.

2019 டிசம்பர் 26 வளையச் சூரிய கிரகணத்தின் பாதை கோயம்புத்தூர், திண்டுக்கல், புதுக்கோட்டை வழியாகப் போனது. சேலத்தில் தெரிந்தது பகுதி மறைப்பே. நெருப்பு வளையம் பார்க்க விரும்பிய சேலத்தார் தெற்கே பஸ் ஏற வேண்டியிருந்தது.

இன்றைய நிலை

சந்திரயான்-3க்குப் பின் ஆகஸ்ட் 23 தேசிய விண்வெளி நாளாகக் கொண்டாடப்படுகிறது. பள்ளிகளில் நிகழ்ச்சிகள் பெருகியுள்ளன. ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்காக இஸ்ரோ 2019 முதல் யுவிகா பயிற்சி நடத்துகிறது. கரூர் மாவட்டப் பள்ளப்பட்டி மாணவரை முன்னிறுத்திய சென்னைக் குழுவின் 64 கிராம் கலாம்சாட் செயற்கைக்கோள் 2017 ஜூனில் அமெரிக்காவிலிருந்து ஆய்வு ராக்கெட்டில் போனது. நாடெங்கும் 750 அரசுப் பள்ளி மாணவியர் பங்களித்த ஆசாதிசாட், 2022இல் முதல் முயற்சி தவறியபின், 2023 பிப்ரவரியில் சுற்றுப்பாதை சேர்ந்தது. தமிழ்நாட்டிலேயே அமையும் குலசேகரப்பட்டினம் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது.