கால்செதோன் பொதுச்சங்கம்

கிறிஸ்து முழுமையான கடவுள், முழுமையான மனிதர், ஆனால் ஆள் ஒருவரே என்று வரையறுத்த கிறிஸ்தவ ஆயர்களின் பேரவை. பேரரசர் மார்சியனின் அழைப்பில் கி.பி. 451 அக்டோபரில் புனித யூபேமியா ஆலயத்தில் கூடியது. கால்செதோன் இன்று இஸ்தான்புல்லின் கடிகோய் பகுதி.

சச்சரவைக் கிளப்பியவர் கான்ஸ்டான்டிநோபிள் துறவி யூட்டிக்கஸ். மனுவுருவான பின் கிறிஸ்துவுக்கு ஒரே இயல்புதான் என்றார் அவர். 449இல் எபேசுவில் கூடிய அவை அவரைக் குற்றமற்றவராக்கி, அவரைக் கண்டித்த பேராயர் பிளேவியனைப் பதவியிறக்கியது. கைகலப்பும் மிரட்டலும் நிறைந்த அந்த அவையைத் திருத்தந்தை முதலாம் லியோ கொள்ளையர் கூட்டம் என்றே சாடினார்.

வெறும் சொற்சண்டை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. அடியில் இருந்தது மீட்பு பற்றிய கேள்வி. கிறிஸ்து கடவுளாக இல்லாவிட்டால் அவரால் மீட்க இயலாது. மெய்யான மனிதராக இல்லாவிட்டால் மீட்கப்படுவது மனித இயல்பு ஆகாது. லியோவின் மடலையும் அலெக்சாந்திரியாவின் சிரிலின் மடல்களையும் ஏற்ற சங்கம், இரு இயல்புகளும் கலவாமலும் மாறாமலும், பிளவுறாமலும் பிரியாமலும் இருப்பதாக அறிவித்தது. அவை எவ்வாறு இணைகின்றன என்பதை அது விளக்கவில்லை. விளக்க முயலாததே அதன் சாமர்த்தியம் எனலாம்.

எகிப்தின் காப்டிக், ஆர்மீனிய, சிரிய மரபுத் திருச்சபைகள் இவ்வரையறையை ஏற்கவில்லை. கேரளத்தின் மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே. 1973இல் திருத்தந்தை ஆறாம் பவுலும் காப்டிக் தலைவர் மூன்றாம் ஷெனூடாவும் கிறிஸ்துவைப் பற்றிய பொது அறிக்கையில் கையெழுத்திட்டனர்.