இரண்டு பெட்டிப் படங்கள்

1944 அக்டோபர் 6ஆம் தேதி, நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த தெரேசின் கெட்டோவிலிருந்து ஆஷ்விட்ஸுக்குப் புறப்பட்ட ரயிலில் ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்ற ஓவிய ஆசிரியை ஏற்றப்பட்டார். மூன்று நாளில் கொல்லப்பட்டார். போவதற்கு முன், தம்மிடம் பயின்ற பிள்ளைகள் வரைந்த ஏறத்தாழ 4,500 படங்களை இரண்டு பெட்டிகளில் அடுக்கி வைத்திருந்தார். போர் முடிந்தபின், தெரேசினில் பெண்பிள்ளைகள் இல்லத்தின் பொறுப்பாளராயிருந்த வில்லி க்ரோக் அவற்றைப் பிராக் நகர யூதச் சமூகத்தாரிடம் சேர்த்தார். ஓவியம் மனக்காயத்தை ஆற்றும் என்று பேசுகிறவர்கள் இந்தப் பெட்டிகளை அடிக்கடி சுட்டுவார்கள். சுட்டுவது சரி, சொல்லும் காரணம்தான் பாதி சரி. உள்ளே அடைபட்ட துயரம் பென்சில் வழியே வடிந்து மனம் லேசாகிறது என்பது அவர்கள் கணக்கு. அந்தத் தாள்களோ, பிள்ளைகளைத் தாங்கியது முறையான பாடம் என்று சொல்கின்றன.

வியன்னாவில் 1898இல் பிறந்த ஃப்ரீடல், ஓவிய ஆசிரியர் யோஹானஸ் இட்டனின் மாணவி. அவரைத் தொடர்ந்து 1919இல் வைமாரின் பௌஹவுஸ் கலைப்பள்ளிக்குப் போய், நெசவு, நாடக அரங்கு என்று கைவேலையில் ஊறியவர். 1934இல் வியன்னாவில் கம்யூனிஸ்ட் என்று சிறைப்பட்டு, வெளியே வந்து பிராகுக்குக் குடிபெயர்ந்தார். அங்கே போலீஸ் விசாரணையை ஓவியமாகத் தீட்டினார், உளப்பகுப்பாய்வும் செய்துகொண்டார். சொந்தத் துயரத்தை வரைவது எப்படிப்பட்டது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படிப்பட்டவர் 1942 டிசம்பரில் தெரேசினுக்கு வந்து பிள்ளைகளுக்குக் கொடுத்தது இட்டனின் பயிற்சிகளைத்தான்: தாளத்துக்கு ஏற்பக் கோடு இழுப்பது, வெளிச்சத்தையும் நிழலையும் பிரித்துப் பார்ப்பது, மேசைமேல் இருக்கும் பொருளை உற்று நோக்கி வரைவது, பழைய ஓவிய மேதைகளின் படங்களைப் பார்த்துப் பயில்வது.

தாளுக்குப் பஞ்சம். அலுவலகங்களில் பயன்படுத்தித் தள்ளிய படிவங்களைக் கிழித்தும் வெட்டியும் ஒட்டுப்படம் செய்தார்கள். ஒட்டிய துண்டுகளுக்கு இடையில் அச்சிட்ட கட்டங்களும் எழுத்துகளும் எட்டிப் பார்க்கும். ஆட்களை எண்ணிக் கணக்கு வைத்த நிர்வாகத்தின் காகிதம், பிள்ளை கையில் கூரையாகவும் மலையாகவும் ஆனது. அங்கே எழுதப்பட்ட பட்டாம்பூச்சிக் கவிதையை வைத்தே தெரேசினை நினைவில் வைத்திருக்கும் உலகம் இந்த ஒட்டுப்படங்களை இன்னும் கொஞ்சம் நின்று பார்த்திருக்கலாம். அடுக்குக் கட்டிலும் சோற்று வரிசையும் வரைந்த பிள்ளைகள் உண்டு. ஆனால் வீடு, பூச்சாடி, புல்வெளி ஆகியவையே அதிகம். ஒவ்வொருவரும் படத்தில் தம் பெயரை எழுத வேண்டும் என்பதில் ஆசிரியை கண்டிப்பாக இருந்தார். கெட்டோவுக்குள் வரும்போதே ஆளுக்கொரு எண் ஒட்டிக்கொள்ளும் இடத்தில் இது சின்ன விஷயமில்லை.

ஓவியம் அந்தப் பிள்ளைகளைத் தாங்கியது என்பதை மறுப்பவர்கள் முதலில் கேட்பது, ஆறியது எங்கே என்று. படங்களை வரைந்த சுமார் 660 பேரில் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அதே கெட்டோவில் ஒரு பிள்ளைக்குக் கூடுதலாகக் கிடைத்த ரொட்டித் துண்டை, பிறகு அந்தப் பிள்ளை இறந்துவிட்டது என்பதற்காக வீண் என்று யாரும் சொல்வதில்லை. அன்றைய பசிக்கு அது சோறு. இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது: தெரேசின் ஒரு காட்சி ஊர், 1944 ஜூன் 23 அன்று செஞ்சிலுவைச் சங்கத்தாருக்குப் பூசி மெழுகிக் காட்டப்பட்ட ஊர், அங்கே நடந்த கலை எல்லாம் அந்தப் பொய்க்கு உதவியது என்பது. உதவிய பங்கு உண்டு, மறுக்க முடியாது. ஆனால் அடுத்த மாதமே ஃப்ரிட்டா, ஹாஸ், உங்கர், ப்ளொஹ் என்ற நான்கு ஓவியர்கள், கெட்டோவின் உண்மை நிலையை ரகசியமாக வரைந்ததற்காகக் குடும்பத்தோடு பிடிக்கப்பட்டுத் தெரேசினின் சிறையான சிறுகோட்டையில் அடைக்கப்பட்டார்கள். நால்வரில் போருக்குப் பின் நெடுநாள் வாழ்ந்தவர் ஹாஸ் ஒருவரே. ஓவியம் தங்களுக்குச் சாதகம் என்று மட்டும் நாஜிகள் நினைத்திருந்தால் இப்படி நடுங்கியிருக்க மாட்டார்கள்.

எனக்கு அதிகம் உறுத்துவது மூன்றாவது வகை, மறுப்பாக வராமல் பாராட்டாக வருவது: ஒவ்வொரு கறுப்புக் கோட்டிலும் பயத்தைப் படிப்பது. கையில் கறுப்புப் பென்சில் மட்டும் இருந்த பிள்ளை வேறு எதில் வரையும்? படத்தை நோய்க்குறிப்பாகப் படிக்கிறவர் அதை வரைந்த பிள்ளையின் உழைப்பைத் தாண்டிப் போய்விடுகிறார். ஃப்ரீடலின் மாணவியும், பிராகில் அகதிப் பிள்ளைகளுக்கு அவர் எடுத்த வகுப்புகளில் உதவியவருமான ஈடித் கிராமர், 1938இல் நியூயார்க் போய், கலைச் சிகிச்சைத் துறையை அமைத்தவர்களில் ஒருவரானார். வரைந்து முடித்த படத்தைப் பேச்சால் அலசுவதே சிகிச்சை என்று அத்துறையில் ஒரு சாரார் சொன்னபோது, வரையும் வேலைக்குள்ளேயே அது நடக்கிறது, படம் நன்றாக அமைவதும் முக்கியம் என்று கிராமர் வாதாடினார். 1971இல் வந்த அவருடைய நூல் இந்த நிலைப்பாட்டில்தான் நிற்கிறது. ஃப்ரீடலின் பாடம் அங்கே வேறு ஊரில், வேறு பிள்ளைகளிடம் தொடர்ந்தது.

படங்கள் இப்போது பிராக் யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அதன் பகுதியான பிங்கஸ் தொழுகைக்கூடத்தின் கீழ்த்தளச் சுவர்களில், கொல்லப்பட்ட ஏறத்தாழ 80,000 செக் யூதர்களின் பெயர்களைப் பின்னால் வந்தவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். படியேறினால் பிள்ளைகளின் படங்கள். அவற்றில் உள்ள பெயர்களைப் பிள்ளைகளே எழுதினார்கள்.