நியூயார்க்கின் சிறு தாய்மார்கள்

சிறு தாய்மார்கள் என்பது, 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் தம் தம்பி தங்கைகளை வளர்த்த சிறுமிகளுக்கு வழங்கிய பெயராகும். இவர்களில் பலர் இத்தாலிய, கிழக்கு ஐரோப்பிய யூதக் குடியேறிகளின் மகள்கள்.

பின்னணி

1880 முதல் 1920 வரை இரண்டு கோடிக்கும் மேற்பட்டோர் அமெரிக்காவில் குடியேறினர். அவர்களில் பெருந்தொகையினர் நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடு போன்ற பகுதிகளில், காற்றோட்டமற்ற அடுக்குக் குடியிருப்புகளில் வாழ்ந்தனர். சொந்த ஊரில் குழந்தையைப் பார்த்துக்கொண்ட பாட்டியும் அத்தையும் பெரும்பாலும் கடலுக்கு அப்பாலேயே தங்கிவிட்டனர். தந்தையின் கூலி மட்டும் குடும்பத்துக்குப் போதவில்லை. தாய்மார்கள் வீட்டிலிருந்தே ஆடை தைத்தனர். செயற்கைப் பூக்கள் செய்தனர். வாடகைக்கு ஆட்களைத் தங்கவைத்துச் சமைத்துப் போட்டனர். ஆகவே கைக்குழந்தை மூத்த மகளின் இடுப்புக்கு மாறியது. டென்மார்க்கிலிருந்து குடியேறிய செய்தியாளர் ஜேக்கப் ரீஸ் எடுத்த ஒளிப்படங்களில் இக்காட்சியைக் காணலாம்.

வேலைப் பகிர்வு

பிள்ளைகள் அனைவரும் உழைத்தனர். ஆனால் உழைப்பு ஒரே அளவுகோலால் மதிக்கப்படவில்லை. சிறுவர்கள் செய்தித்தாள் விற்றும் காலணிக்கு மெருகேற்றியும் காசு கொண்டுவந்தனர்; அது வேலை எனப்பட்டது. சிறுமிகள் தண்ணீர் சுமந்ததும் துணி துவைத்ததும் குழந்தையைத் தூக்கி வளர்த்ததும் வீட்டுக்குச் செய்த உதவியாகவே கருதப்பட்டன. நியூயார்க் மாநிலத்தில் 1874இலேயே கட்டாயக் கல்விச் சட்டம் இயற்றப்பட்டிருந்தது. ஆயினும் தாய்க்குப் பிரசவம் ஆனாலோ குழந்தை நோயுற்றாலோ பள்ளிக்குப் போகாமல் நின்றவள் பெரும்பாலும் மகளே.

சிறு தாய்மார் கழகங்கள்

1908இல் நகரச் சுகாதாரத் துறையில் குழந்தை நலப் பிரிவு தொடங்கப்பட்டது. அதன் முதல் தலைவரான மருத்துவர் சாரா ஜோசபின் பேக்கர், குழந்தைகளின் உயிர் உண்மையில் இச்சிறுமிகளின் கையில் இருப்பதைக் கண்டார். அவர்களுக்காகச் சிறு தாய்மார் கழகங்களை அமைத்தார். குழந்தையைக் குளிப்பாட்டுதல், தூய பால் ஊட்டுதல், கோடையில் மெல்லிய ஆடை உடுத்துதல் போன்றவை கற்பிக்கப்பட்டன. ஆங்கிலம் அறியாத தாய்மாருக்கு அச்செய்திகளைச் சொன்னவர்களும் இச்சிறுமிகளே. பிற நகரங்களும் இம்முறையைப் பின்பற்றின.

மதிப்பீடு

கழகங்கள் சிறுமிகளின் அறிவை வளர்த்தன. அவர்கள் செய்தது பயிற்சி வேண்டும் தொழில் என்பதையும் ஒப்புக்கொண்டன. எனினும் அவை சிறுமிகளுக்காகவே அமைந்தமையால், குழந்தை வளர்ப்பு பெண்ணின் கடமை என்ற எண்ணம் மேலும் உறுதிப்பட்டது. சுமையைத் திறமையாகச் சுமக்கக் கற்பித்த அவை, அதை அண்ணன் தம்பியருக்கும் பகிர்ந்தளிக்கவில்லை. குடியேறிய குடும்பங்களின் முன்னேற்றத்தைப் படிப்போர், தாயின் கூலிக்கும் மகனின் படிப்புக்கும் பின்னால் இருந்த மகளின் உழைப்பையும் கணக்கில் கொள்ளவேண்டும்.