பஞ்சைத் தேடி ஓடிய படகுகள்

1938 நவம்பரில் பஹாமாஸ் தீவுகளைச் சுற்றிய கடலில் கடற்பஞ்சுகள் அழுகத் தொடங்கின. ஆண்ட்ரோஸ் தீவுக்கு மேற்கே மைல்கணக்கில் பரந்த ஆழமற்ற திட்டுதான் அந்நாட்டின் மிகப் பெரிய பஞ்சு விளைநிலம். நீண்ட கழியின் நுனியில் கொக்கி மாட்டிக்கொண்டு அங்கே போனவர்களின் கையில் கூழாய்ப் பிய்ந்துவரும் சதைதான் கிடைத்தது. சில மாதங்களுக்குள் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் செத்துப்போனது. 1939இல் நோய் கியூபா, பிரிட்டிஷ் ஹோண்டுராஸ், ஃபுளோரிடா என்று பரவியது. பிரிட்டிஷ் ஹோண்டுராஸின் டர்னஃப் தீவுத்திட்டில் துண்டு துண்டாக நட்டு வளர்த்திருந்த பஞ்சுத் தோட்டங்களும் தப்பவில்லை.

கடற்பஞ்சு ஒரு விலங்கு. நரம்பில்லை, வயிறில்லை, உடலெங்கும் உள்ள துளைகள் வழியே நீரை இழுத்து, அதிலுள்ள நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்று வாழ்கிறது. உலகில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் இருந்தாலும் பெரும்பாலானவற்றின் உடலில் கண்ணாடித் தூள்போலவோ சுண்ணாம்பாகவோ முட்கள் இருப்பதால் தோலில் தேய்க்க முடியாது. முள்ளே இல்லாமல் புரத இழைகளால் மட்டும் ஆன எலும்புக்கூடு கொண்ட சில இனங்கள்தான் விலைபோகும். அவற்றின் வணிகம் பெரிதும் இரண்டு கடற்பகுதிகளை நம்பியே நடந்தது: மத்தியதரைக் கடல் ஒன்று, மெக்சிகோ வளைகுடாவும் கரீபியனும் சேர்ந்த பகுதி மற்றொன்று.

மத்தியதரைக் கடலில் இத்தொழில் மிகப் பழையது. தலைக்கவசத்தின் உட்புறத்தில் பஞ்சை வைத்துத் தைக்கும் வழக்கத்தை அரிஸ்டாட்டில் குறித்திருக்கிறார். கலிம்னோஸ், சீமி ஆகிய கிரேக்கத் தீவுகளின் ஆண்கள், மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்போரைப் போலவே, கனத்த தட்டைக்கல்லைப் பிடித்துக்கொண்டு மூச்சடக்கி இறங்கினார்கள். ஒரு மூச்சில் எட்டிய அளவுதான் கைக்கு வந்தது. ஆழத்தில் இருந்தவை இனத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தன.

1860களில் செம்புத் தலைக்கவசமும் காற்றுக்குழாயும் கொண்ட முக்குளிப்பு உடை அங்கே வந்துசேர்ந்ததும் ஆழம் தந்த அந்தக் காவல் போயிற்று. ஒரே ஆள் மணிக்கணக்கில் கடலடியில் நடந்து பொறுக்க முடிந்தது. பக்கத்துக் கடல்கள் வெறுமையாக, படகுகள் ஈஸ்டர் முடிந்த கையோடு லிபியா, எகிப்து, துனிசியக் கரைகளுக்குக் கிளம்பி இலையுதிர் காலத்தில் திரும்பின. திரும்பாதவர்களும் ஏராளம். ஆழத்திலிருந்து வேகமாக ஏறும்போது இரத்தத்தில் நைட்ரஜன் குமிழிகள் தோன்றி முக்குளிப்போரைக் கொல்வதை 1878இல் பால் பெர் என்ற உடலியலாளர் விளக்கினார். படிப்படியாக மேலேறும் அட்டவணையை 1908இல் ஹால்டேன் என்ற உடலியலாளர் வெளியிட்டார். அதற்கு முன்பே ஒரு தலைமுறை ஆண்கள் கால் விளங்காமல் போயிருந்தார்கள். 1900இல் ஆன்டிகிதெரா தீவருகே மூழ்கிய பழங்காலக் கப்பலைக் கண்டுபிடித்தவர்கள் சீமித் தீவின் பஞ்சுப் படகினர். அக்கப்பலின் சிலைகளை மீட்கும் வேலையில் ஒருவர் இறந்தார், இருவர் முடமானார்கள். பஞ்சுக்கு ஐரோப்பியச் சந்தை கொடுத்த விலையில் இந்தக் கணக்கு சேரவே இல்லை.

மத்தியதரைக் கடலின் வரத்து போதாதபோது வணிகர்களுக்கு மேற்கே இன்னொரு கடல் இருந்தது. 1841இல் பஹாமாஸில் கப்பல் உடைந்து கரையேறிய குஸ்தாவ் ரெனுவார் என்ற பிரெஞ்சுக்காரர் பாரிஸுக்குப் பஞ்சு அனுப்பியதில் அங்கே ஏற்றுமதி தொடங்கியது. 1901இல் ஐம்பதாயிரம் சொச்சம் மக்களே வாழ்ந்த அத்தீவுகளில் சுமார் 6,000 பேர் இத்தொழிலில் இருந்தார்கள். அடியில் கண்ணாடி பதித்த வாளியை நீரில் அமிழ்த்திப் பார்த்து, கொக்கியால் பிடுங்குவார்கள். கரையோரத்தில் கழிகளால் அடைத்த பட்டியில் போட்டுச் சதை அழுகி அலையில் கழுவப்படும்வரை காத்திருந்து, பிறகு அடித்துத் துவைப்பார்கள். முன்பணமும் உணவுப் பொருட்களும் கொடுத்த முதலாளிக்கே சரக்கு போகும், கடன் தீராது.

ஃபுளோரிடாவில் 1905இல் ஜான் கோக்கோரிஸ் என்பவர் கிரேக்கர்களை வரவழைத்து, டார்பன் ஸ்பிரிங்ஸில் உடை அணிந்த முக்குளிப்பைத் தொடங்கினார். கீ வெஸ்ட்டின் கொக்கிக்காரர்கள் கொதித்தார்கள்: ஈயக் காலணிகள் இளம் பஞ்சுகளை மிதித்து நசுக்குகின்றன என்பது அவர்கள் வாதம். 1906இல் அமெரிக்கக் காங்கிரஸ் முக்குளித்து எடுத்த பஞ்சைக் கரைசேர்க்கக் கட்டுப்பாடு விதித்தது. முக்குளிப்பு உடைக்கு மாநிலச் சட்டம் விதித்த தடையை மீறிய ஸ்கிரியோடிஸ் என்ற பஞ்சுக்குளிப்பவரின் வழக்கு 1941இல் உச்ச நீதிமன்றம்வரை போய், ஃபுளோரிடாவுக்குச் சாதகமாக முடிந்தது. பிழைப்புச் சண்டை என்று இதைத் தள்ளிவிட முடியாது. கடலடியில் எவ்வளவு மிச்சமிருக்க வேண்டும் என்ற கேள்வியையும் இந்தக் கொக்கிக்காரர்கள் எழுப்பினார்கள்.

1938இன் நோயை மீன்பிடிப்பு உண்டாக்கியதாகச் சொல்ல ஆதாரமில்லை. பூஞ்சை போன்ற இழைகளை பால் கால்ட்சாஃப் என்ற உயிரியலாளர் கண்டு பதிவுசெய்தார். ஆனால் பஞ்சுகள் விந்தணுவை நீரில் விட்டு அண்டை பஞ்சைக் கருவுறச் செய்பவை. அண்டையில் ஒன்றும் இல்லையென்றால் மீண்டும் நிறைவது மெதுவாகவே நடக்கும். பஹாமாஸ் பல ஆண்டுகள் எடுப்பையே தடை செய்தது. அதற்குள் செயற்கைப் பஞ்சு சந்தையைப் பிடித்துவிட்டது. டார்பன் ஸ்பிரிங்ஸின் விளைநிலத்தை 1947இல் செம்பாசிப் பெருக்கு அழித்தது. 1986 முதல் மத்தியதரைக் கடலிலேயே கொள்ளைநோய் பரவியது. 1999இன் வெப்பக் கோடையில் லிகுரியக் கரையோரப் பஞ்சுகள் கூட்டமாக மடிந்தன. படகுகள் அடுத்துப் போக இன்னொரு பெரிய பஞ்சுக்கடல் இல்லை.

1991இல் ஃபுளோரிடா விரிகுடாவில் நீலப்பச்சைப் பாசி பெருகிப் பஞ்சுகளைக் கொன்றபோது, அவற்றின் நிழலில் ஒண்டி வளர்ந்த சிங்கி இறால் குஞ்சுகளும் வீடிழந்தன. பஞ்சுத் துண்டுகளை நட்டு அங்கே மீட்புப்பணி நடக்கிறது. விற்பனைக்கு எடுக்கும் பஞ்சு ஐந்து அங்குல விட்டத்துக்குக் குறையக் கூடாது என்பது ஃபுளோரிடாவின் விதி. அதோடு, பிடுங்காமல் கத்தியால் அறுத்து அடிப்பகுதியைப் பாறையில் விட்டால் அது மீண்டும் வளரும் வாய்ப்பு அதிகம் என்பதைக் களச் சோதனைகள் காட்டியிருக்கின்றன.