வீட்டு மையக் காற்றமைப்புக்கான வடிகட்டி

அமெரிக்க, கனடிய வீடுகளில் ஃபர்னஸ் எனப்படும் சூடாக்கியும் மைய ஏசியும் பெரும்பாலும் ஒரே ஊதுவிசிறியையும் ஒரே குழாய்த் தொகுதியையும் கொண்டு இயங்குகின்றன. அறைகளிலிருந்து திரும்பி வரும் காற்று விசிறிக்குள் நுழையும் முன் அதன் வழியில் செருகப்படும் சட்டமே காற்று வடிகட்டி. நிலவறையில் ஃபர்னஸின் பக்கவாட்டிலோ, சுவரில் உள்ள திரும்புகாற்றுத் துவாரத்தின் கம்பித் தட்டிக்குப் பின்னாலோ இது இருக்கும். தமிழ்நாட்டு வீடுகளின் ஸ்பிளிட் ஏசியில் கழற்றிக் கழுவும் வலை வேறு வகை. அது பெருந்தூசியையும் நூலையும் முடியையும் தடுப்பதோடு சரி.

இந்த வடிகட்டி தொடக்கத்தில் இயந்திரத்துக்காகவே வைக்கப்பட்டது. குளிர்ச்சுருளிலும் விசிறி இதழ்களிலும் அழுக்கு படியாமல் காப்பதே அதன் வேலை. ஊடுருவிப் பார்த்தால் மறுபக்கம் தெரிகிற மலிவான கண்ணாடியிழை வடிகட்டிகள் இன்றும் அதற்கு மேல் எதுவும் செய்வதில்லை. வீட்டில் இருப்பவர்களின் நுரையீரலைக் காக்கும் பொறுப்பு பிற்பாடு சேர்ந்தது. தேர்வில் வரும் சிக்கல் முழுவதும் இந்த இரட்டைப் பொறுப்பில்தான் இருக்கிறது. நுண்துகளைப் பிடிக்க இழைகள் நெருங்க வேண்டும். இழைகள் நெருங்கினால் காற்று தடைப்படும்.

மெர்வ் எண்

வடிகட்டும் திறனை அளக்க வட அமெரிக்காவில் வழங்குவது மெர்வ் என்னும் அளவுகோல். ஆஷ்ரே என்ற பொறியாளர் சங்கம் 1999-இல் வெளியிட்ட 52.2 ஆம் தரநிலையிலிருந்து வந்தது. 1 முதல் 16 வரை செல்லும் இந்த எண், 0.3 முதல் 10 மைக்ரான் வரையான துகள்களை மூன்று அளவுப் பிரிவுகளாக்கிச் சோதித்துத் தரப்படுகிறது. மெர்வ் 8 வடிகட்டி 3 முதல் 10 மைக்ரான் துகள்களில் குறைந்தது 70 விழுக்காட்டைப் பிடிக்க வேண்டும். ஒரு மைக்ரானுக்குக் கீழே அதற்கு எந்தக் கட்டாயமும் இல்லை. மகரந்தம், பூஞ்சை வித்து, மெத்தைத் தூசி போன்றவற்றுக்கு இது போதும். புகைக்குப் போதாது. மெர்வ் 13 ஒரு மைக்ரானுக்குக் கீழுள்ள துகள்களில் குறைந்தது 50 விழுக்காட்டையும், 1 முதல் 3 மைக்ரான் துகள்களில் 85 விழுக்காட்டையும் பிடித்தாக வேண்டும். காட்டுத்தீப் புகையும், தாளிப்பிலும் பொரிப்பிலும் எழும் எண்ணெய்ப் புகையும், கிருமி தாங்கிய மிகச் சிறு திவலைகளும் இந்த எல்லைக்குள் வருபவை. கலிஃபோர்னியாவின் 2019 ஆம் ஆண்டுக் கட்டட ஆற்றல் விதிகள் புதிய வீடுகளுக்கு மெர்வ் 13-ஐக் கட்டாயமாக்கின.

கடையில் வேறு எண்களும் கண்ணில் படும். 3எம் நிறுவனம் எம்பிஆர் என்றும், ஹோம் டிப்போ எஃப்பிஆர் என்றும் சொந்த அளவுகோல்களை அச்சிடுகின்றன. இவற்றை ஒன்றோடொன்று நேரே ஒப்பிட முடியாது. மெர்வ் எண்ணைத் தேடிப் பார்த்து வாங்குவதே நல்லது. 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 விழுக்காட்டைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி சாதாரண வீட்டு ஃபர்னஸில் பொருத்தத்தக்கது அன்று. அந்தத் தடையை எதிர்த்துக் காற்றை இழுக்க அதன் விசிறிக்கு வலு போதாது.

காற்றுத் தடை

எண் கூடக் கூட நல்லது என்று நினைத்து வாங்குவோர் விசிறியை மறந்துவிடுகிறார்கள். வீட்டுக் கருவிகள் பலவும் குழாய், சுருள், வடிகட்டி எல்லாம் சேர்ந்து 0.5 அங்குல நீர்மட்ட அழுத்தத்துக்குள் அடங்கும் என்ற கணக்கில் வடிவமைக்கப்பட்டவை. குழாய்கள் குறுகலாக இருந்தால் வடிகட்டிக்கு மிஞ்சும் பங்கு மிகச் சிறியது. அந்த அளவு மீறும்போது காற்றோட்டம் குறைகிறது. கோடையில் குளிர்ச்சுருள் மேல் பனி உறைந்து ஏசி குளிராமல் போகலாம். குளிர்காலத்தில் வெப்பமாற்றி அளவுக்கு மேல் சூடாகிக் காப்பு விசை ஃபர்னஸை நிறுத்தலாம். புதிய வகை மின்னணு மோட்டார்கள் காற்றளவைக் காக்க வேகத்தைக் கூட்டிக்கொள்ளும். அப்போது குறை வெளியே தெரியாது. மின் செலவும் இரைச்சலும் மட்டும் ஏறும்.

ஆகவே எண்ணுக்கு முன் பார்க்க வேண்டியது பரப்பு. ஒரு டன் குளிரூட்டலுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 400 கன அடி காற்று தேவை. 3 டன் கருவிக்கு 1,200. 20க்கு 25 அங்குல வடிகட்டியின் முகப்பு சுமார் 3.5 சதுர அடி. அதன் வழியே காற்று நிமிடத்துக்கு 345 அடி வேகத்தில் செல்கிறது. அதே கருவியில் 16க்கு 20 அளவு இருந்தால் வேகம் 540 அடியாகிவிடும். 300 அடியை ஒட்டி இருப்பது நலம். 540 அடி வேகத்தில் 1 அங்குல மெர்வ் 13-ஐச் செருகுவது விசிறியை வாட்டும்.

இதற்குச் சரியான தீர்வு தடிமனைக் கூட்டுவது. 4 அல்லது 5 அங்குல மடிப்பு வடிகட்டியை நீட்டி விரித்தால் அதற்குள் இருக்கும் துணிப்பரப்பு 1 அங்குல வடிகட்டியினுடையதைவிடப் பல மடங்கு. ஒரே மெர்வ் எண்ணுக்குத் தடை குறைகிறது, தூசி தாங்கும் கொள்ளளவு கூடுகிறது. அகன்ற பெட்டி பொருத்த ஒருமுறை தொழில்நுட்பரை அழைக்க நேரும். செலவானாலும் செய்யத்தக்க செலவு. அது முடியாத வீட்டில் 1 அங்குல மெர்வ் 8 அல்லது 11-ஓடு நிற்பது அறிவுடைமை.

நடைமுறை

அட்டையில் 16x25x1 என்று இருப்பது பெயரளவு. உண்மை அளவு ஒவ்வொரு பக்கமும் கால் முதல் அரை அங்குலம் வரை குறையும். உறையில் ஒட்டாமல் ஆடுகிற வடிகட்டியைச் சுற்றிக் காற்று புகுந்துவிடும். மெர்வ் 13 வாங்கியும் பயன் பாதியாகும். சட்டத்தின் அம்புக்குறி விசிறியை நோக்கி இருக்க வேண்டும். 1 அங்குல வடிகட்டியை ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், 4 அங்குலத்தை ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறையும் மாற்றுவது வழக்கம். நாய், பூனை வளர்க்கும் வீட்டிலும் மராமத்து நடக்கும் வீட்டிலும் இது இன்னும் விரைவாகத் தேவைப்படும். பல மடிப்பு வடிகட்டிகளின் இழைகளில் நிலைமின்னேற்றம் உண்டு. அந்த ஏற்றம் நாளடைவில் குறைந்து நுண்துகள் பிடிக்கும் திறனும் சரிகிறது என்பதால், அழுக்குத் தெரியவில்லை என்று காலவரையின்றி விட்டுவைக்கக் கூடாது.

விசிறி சுழலும்போது மட்டுமே எந்த வடிகட்டியும் வேலை செய்கிறது. புகை சூழ்ந்த நாட்களில் தெர்மோஸ்டாட்டில் விசிறியைத் தானியங்கி நிலையிலிருந்து தொடர் ஓட்டத்துக்கு மாற்றுவது, இன்னும் விலையுயர்ந்த வடிகட்டி வாங்குவதைவிடப் பெரும்பாலும் கூடுதல் பலன் தரும். வாயுக்களும் நாற்றமும் மெர்வ் கணக்கில் வராதவை. அவற்றுக்குக் கரித்தூள் கலந்த வடிகட்டி வேண்டும். மெல்லிய சட்டத்தில் உள்ள கரி விரைவில் நிறைந்துவிடும். ஓசோன் வெளியிடும் அயனிக் கருவிகளைக் குழாயில் சேர்ப்பது தவிர்க்க வேண்டியது, ஓசோனே நுரையீரலுக்குத் தீங்கு.

மெர்வ் 13-ஐத் தாங்காத பழைய அமைப்புள்ள வீடுகளுக்குத் தனியாக நிற்கும் காற்றுத் தூய்மிப்பான் ஒரு வழி. ரிச்சர்ட் கோர்சியும் ஜிம் ரோசன்தாலும் 2020-இல் முன்வைத்த கோர்சி-ரோசன்தால் பெட்டி அதைவிட மலிவானது: நான்கு அல்லது ஐந்து மெர்வ் 13 ஃபர்னஸ் வடிகட்டிகளைச் சதுரமாக ஒட்டி, மேலே ஒரு பெட்டி விசிறியை வைப்பார்கள். காற்றோட்டம் பல வடிகட்டிகளுக்குப் பகிரப்படுவதால் வலு குறைந்த அந்த விசிறியும் காற்றை எளிதாக இழுத்துவிடுகிறது.