டெலோமியர் நீளம்: எதற்கு அளவுகோல், எதற்கு அல்ல

குரோமோசோமின் இரு முனைகளிலும் டிடிஏஜிஜிஜி என்னும் ஆறெழுத்துத் தொடர் நூற்றுக்கணக்கான முறை, இளமையில் ஆயிரத்துக்கும் மேல், அடுக்கடுக்காக அமைந்திருக்கிறது. செல் பிரியுந்தோறும் இந்த டெலோமியர் சற்றே தேய்கிறது. ஆய்வகத்தில் வளர்க்கப்படும் மனித செல்கள் ஏறத்தாழ 50 முறை பிரிந்ததும் நின்றுவிடுகின்றன என்று ஹேஃபிளிக்கும் மூர்ஹெட்டும் 1961இல் காட்டியதற்கு விளக்கம் பின்னாளில் இங்குதான் கிடைத்தது. 2009இல் பிளாக்பர்ன், கிரைடர், சோஸ்டாக் மூவருக்கும் இத்துறைக்காக நோபல் பரிசு கிடைத்தது. இரத்தத்தைச் சோதித்து ‘உயிரியல் வயதை’ச் சொல்லிவிடலாம் என்னும் வணிகமும் தழைத்தது. தனியொருவரின் முதுமையை அளக்க இந்த எண் உதவாது என்பதே என் வாதம்.

கணக்கைப் பார்ப்போம். வயது வந்தோரின் வெள்ளணுக்களில் டெலோமியர் ஆண்டுக்கு ஏறத்தாழ 20 முதல் 30 கார இணைகள் குறைகிறது. 40 ஆண்டுகளில் 800 முதல் 1,200 வரை. ஒரே வயதுள்ள, நோயற்ற இருவருக்கிடையிலேயே இதைவிடப் பெரிய இடைவெளி இருப்பதுண்டு. பிறந்த குழந்தைகளிடமே அந்த வேறுபாடு தெரிகிறது. பெரும்பங்கு மரபுவழி வருவது. இதோடு அளவீட்டுப் பிழையும் சேர்கிறது. பரவலாகக் கையாளப்படும் பி.சி.ஆர். முறை நீளத்தை நேரே அளப்பதில்லை. வேறொரு மரபணுவோடு ஒப்பிட்டு ஒரு விகிதத்தைத் தருகிறது. அதன் பிழையை 5 விழுக்காடு என்று வைத்தாலும் 7,000 கார இணைகளில் 350 ஆகிறது. பத்தாண்டுத் தேய்மானம் முழுவதும் பிழைக்குள்ளேயே அடங்கிப்போகிறது! இந்த முறையில் ஒருவருக்கு “உங்கள் வயது 47” என்று சீட்டு எழுதித் தருவது சோதிடத்துக்கு வெகு தொலைவில் இல்லை.

மக்கள்தொகை ஆய்வுகள் வேறு சொல்கின்றனவே என்று கேட்கலாம். 60 வயதைக் கடந்த 143 பேரை ஆராய்ந்து, குறுகிய டெலோமியருக்கும் இறப்புக்கும் தொடர்புண்டு என்று காதன் குழுவினர் 2003இல் எழுதினர். 2006இல் 73 முதல் 101 வயது வரையான டேனிஷ் முதியோரிடம் அத்தொடர்பு தென்படவில்லை. 2015இல் அதே டென்மார்க்கில் 64,637 பேரிடம் மீண்டும் தென்பட்டது. தொடர்பு மெய்தான், அதைப் பிடிக்க இத்தனை பேர் தேவைப்படுகிறார்கள் என்பதே அது எவ்வளவு மெலிதானது என்பதைச் சொல்லிவிடுகிறது.

நீண்டதெல்லாம் நல்லது என்ற எண்ணமும் நிற்காது. ஆய்வக எலிகளின் டெலோமியர் மனிதருடையதைவிடப் பன்மடங்கு நீளம். அவை வாழ்வதோ இரண்டு மூன்று ஆண்டுகள். மரபணு மாறுபாடுகளைக் கொண்டு செய்த ஆய்வுகளில், நீண்ட டெலோமியருக்கு வழிசெய்யும் மரபு இதயத் தமனி நோயைக் குறைத்தாலும் பலவகைப் புற்றுநோய்களின் வாய்ப்பைக் கூட்டுகிறது. பெரும்பாலான புற்றுச் செல்கள், டெலோமியரை நீட்டும் நொதியான டெலோமரேஸை மீண்டும் உயிர்ப்பித்துக்கொண்டே பெருகுகின்றன. ‘டெலோமியரை நீட்டும்’ மாத்திரைகளை விற்போர் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதே இல்லை.

அளவீடு சோபிப்பது கடைக்கோடியில். டிஸ்கெரடோசிஸ் கன்ஜெனிட்டா என்னும் பரம்பரை நோயில் நகங்கள் சிதையும், கழுத்துத் தோலில் வலைபோல் நிறம் படரும், நாக்கில் வெண்திட்டு தோன்றும், எலும்பு மஜ்ஜை ஓயும். டெலோமரேஸ் தொடர்பான மரபணுப் பழுதே மூலம். இங்கே ஃபுளோ ஃபிஷ் என்னும் முறையில், வெள்ளணு வகைகளைத் தனித்தனியே பிரித்து அளக்கிறார்கள். லிம்போசைட்டுகளின் நீளம் அந்த வயதினரில் மிகக் கீழே உள்ள ஒரு விழுக்காட்டுக்குள் விழுந்தால் நோய் பற்றிய ஐயம் வலுக்கிறது. சில நோயாளிகளிடம் வெளி அறிகுறி எதுவும் இராது. நடுவயதில் நுரையீரல் தழும்பேறி மூச்சு வாங்கும், அவ்வளவே.

மஜ்ஜை மாற்றும்போது இந்த எண் சிகிச்சையையே மாற்றுகிறது. வழக்கமான அளவில் கீமோ மருந்தும் கதிர்வீச்சும் தந்தால் இந்நோயாளிகளின் நுரையீரலும் கல்லீரலும் தாங்குவதில்லை; ஆகவே அளவைக் குறைக்கிறார்கள். மஜ்ஜை தர முன்வரும் அண்ணனோ தங்கையோ பார்வைக்கு நலமாக இருந்தாலும் அதே பழுதைச் சுமந்திருக்கக்கூடும் என்பதால், கொடையாளியின் டெலோமியரையும் மரபணுவையும் சோதித்த பின்னரே மஜ்ஜையை எடுக்கிறார்கள்.